ஆப்பிரிக்கக் கிராமங்களில் பெண்கள் தலைமை: தொண்டு நிறுவனப் பணம் நின்றால் என்ன மிஞ்சும்?

வாசகர் கேள்வி, 2024 மார்ச் 2

"ஆப்பிரிக்கக் கிராமத்துப் பெண்கள் தலைவிகளாகிவிட்டார்கள் என்று அடிக்கடி படத்தோடு செய்தி வருகிறது. எல்லாப் படத்திலும் பின்னால் ஒரு தொண்டு நிறுவனத்தின் பலகை. பணம் வரும்வரை கூட்டம் நடக்கும், நின்றதும் பழையபடி ஆகிவிடும். வெளியார் கொண்டுபோய் நட்டது வேர் பிடிக்காது என்பது என் எண்ணம். அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதை மறுக்க முடியுமா?"

மார்ச் 3

மறுக்கிறேன். மலாவியில், பிளாண்டயரை ஒட்டிய லிம்பேயில் இருக்கிறோம். கணவருக்குப் பருப்பு ஆலையில் வேலை; அங்கேயே கொள்முதல் கணக்கு என் பொறுப்பு. சொந்த ஊர் விருதுநகர், அதனால் துவரை எனக்குப் புதிதல்ல. இங்கே தெற்கு மாவட்டங்களில், பலோம்பே, முலாஞ்சே, சிராட்சுலு பக்கமெல்லாம் மக்காச்சோளத்துக்கு ஊடுபயிராகத் துவரை போடுகிறார்கள். நண்டோலோ என்பார்கள். விதைப்பு, களையெடுப்பு, அறுப்பு, அடிப்பு எல்லாவற்றிலும் பெண்கள்தான் முன்னால் நிற்பார்கள். கொள்முதல் வேலையாகப் போய்ப் போய் அந்தக் கிராமங்கள் பழகிவிட்டன.

பலகை பற்றி நீங்கள் சொல்வது உண்மை. மூன்று நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு சட்டை, "தலைவி" என்று ஒரு பட்டம். அப்படி வந்த பட்டங்கள் பல காணாமல் போனதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பலகை துருப்பிடித்து விழுந்த பிறகும் வாரம் தவறாமல் கூடுகிற சங்கங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தால், பெண்கள் கையில் ஏதோ ஒன்று சொந்தமாக இருக்கிறதா இல்லையா என்பதுதான். சேமிப்புப் பெட்டியோ, விதையோ, தராசோ, எதுவாகவும் இருக்கலாம். அது இருக்கிற ஊரில் அவர்கள் பேச்சு எடுபடுகிறது. பதவி அதற்குப் பின்னால் வருகிறது.

மார்ச் 5

"பெட்டி என்றால் என்ன பெட்டி" என்று கேட்டிருக்கிறார்கள். விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே இதில்தான் இருக்கிறது.

தகரப் பெட்டி. மூன்று கொண்டி, மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பெண்களிடம். பெட்டி நாலாவது ஒருத்தி வீட்டில். ஆக, கூட்டத்தில் தவிர யாராலும் திறக்க முடியாது. இருபது இருபத்தைந்து பேர் ஒரு வீட்டுத் திண்ணையிலோ மாமரத்தடியிலோ உட்காருவார்கள். பாங்கி ம்கோண்டே என்று ஊரில் சொல்வது இதைத்தான். ஒவ்வொருத்தியும் ஒரு கூட்டத்தில் ஒன்று முதல் ஐந்து பங்கு வரை வாங்கலாம். எத்தனை பங்கோ அத்தனை முத்திரை கைப்புத்தகத்தில் குத்துவார்கள். மிச்சக் கட்டங்களை அங்கேயே அடித்துவிடுவார்கள், பிறகு யாரும் நுழைத்துவிடக் கூடாது என்று. பணத்தை எண்ண இரண்டு பேர், ஆளுக்கொரு பிளாஸ்டிக் கிண்ணத்தோடு. சேமிப்பைப்போல் மூன்று மடங்கு வரை கடன். வட்டி மாதம் 10 சதம், சில இடங்களில் 20. நம் காதுக்கு அநியாயமாகத் தெரியும். ஆனால் அந்த வட்டி அவர்களுக்கே திரும்பி வருகிறது. ஆண்டு முடிவில் மொத்தத்தையும் பங்குக் கணக்குப்படி பிரித்து, பெட்டியைக் காலி செய்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். சாவு, நோய், தீ விபத்து போன்றவற்றுக்குத் தனியாக ஒரு நிதி, துணிப்பையில்.

எனக்கு மிகவும் பிடித்தது இது. கூட்டம் முடியும்போது பெட்டியில் எவ்வளவு, துணிப்பையில் எவ்வளவு என்று உரக்கச் சொல்வார்கள். எல்லோரும் அதை மனப்பாடம் செய்ய வேண்டும். அடுத்த வாரம் பெட்டியைத் திறக்கும் முன் யாராவது ஒருத்தியை எழுப்பி "போன வாரம் எவ்வளவு?" என்று கேட்பார்கள். அவள் சொல்கிற தொகையும் எண்ணுகிற தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். பேரேடு பார்க்கத் தெரியாத கிழவிக்கும் கணக்கு தெரியும். அதை ஏமாற்றுவது எங்கள் ஆலைக் கணக்கை ஏமாற்றுவதைவிடக் கஷ்டம்.

மார்ச் 6

நேற்று விட்டுப்போனது. எழுந்து நின்று இருபது பேர் முன்னால் ஒரு தொகையைச் சத்தமாகச் சொல்கிறாளே, பல பெண்களுக்குப் பொது இடத்தில் வாய் திறப்பது அதுதான் முதல் தடவை. முதல் சில வாரம் சிட்டெஞ்சேத் துணியால் வாயை மூடிக்கொண்டு முனகுவார்கள், மற்றவர்கள் "கேட்கலை, கேட்கலை" என்று கத்துவார்கள். ஒரு வருஷம் கழித்து அதே பெண் ஊர்த்தலைவரின் ப்வாலோவில், அதாவது ஊர்க்கூட்டம் கூடும் திடலில், குழாய்க்கிணறு ஏன் இன்னும் பழுது பார்க்கவில்லை என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கென்று யாரும் தனியாகப் பயிற்சி கொடுக்கவில்லை.

மார்ச் 11

கோவை நண்பர் மடக்குகிறார்: "இந்தப் பெட்டி முறையே வெளியார் கண்டுபிடித்ததுதானே?"

ஆம், பாதி. 1991-ல் நைஜர் நாட்டின் மராடி பகுதியில் கேர் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கியது. ஹௌசா மொழியில் மாத்தா மாசு துபாரா என்று பெயர். ஆனால் அவர்கள் ஒன்றுமில்லாத இடத்தில் தொடங்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் தொந்தீன் என்ற பழக்கம் ஏற்கெனவே இருந்தது: எல்லோரும் போடுவார்கள், முறை வைத்து ஒருத்தி எடுப்பாள். கிட்டத்தட்ட நம் ஊர்ச் சீட்டு. அதில் பணம் கைக்கு வரும் நேரமும் தேவைப்படும் நேரமும் பொருந்தாது. பெட்டி முறையில் தேவைப்பட்டவள் கடனாக எடுக்கலாம் என்பதுதான் மாற்றம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெளியார் கொடுத்தது முறை மட்டும். பெட்டிக்குள் அவர்கள் ஒரு பைசா போடவில்லை, அது ஆரம்பத்திலேயே வைத்த விதி. அதனால்தான் அவர்கள் போன பிறகும் எடுத்துக்கொண்டுபோக எதுவும் இல்லை. மலாவியில் இன்று எந்த நிறுவனத்தின் பதிவிலும் இல்லாத சங்கங்கள் தானாகவே முளைக்கின்றன. பக்கத்து ஊரில் பார்த்துவிட்டு வந்து தச்சனிடம் ஒரு பெட்டி செய்யச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

மார்ச் 24

நேற்று ஜனாதிபதி சக்வேரா 28 மாவட்டங்களில் 23-ல் பேரிடர் நிலை அறிவித்தார். எல் நினோ வறட்சி. மக்காச்சோளம் கதிர் விடும் நேரத்தில் மழை நின்றுவிட்டது. போன வருஷம் இதே மார்ச்சில் ஃப்ரெட்டி புயல். பலோம்பேயில் ஊர்களே மண்ணுக்குள் போயின. ஒரு வருஷம் வெள்ளம், மறு வருஷம் வறட்சி. நடுவில் நவம்பரில் இந்நாட்டு நாணயமான குவாச்சாவின் மதிப்பை 44 சதம் குறைத்தார்கள்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், பெட்டியைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டுச் சிலர் அதுவே எல்லாவற்றுக்கும் தீர்வு என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். இல்லை. அந்தப் பெண்கள் வருஷம் முழுவதும் வாயைக் கட்டிச் சேர்த்த பணம், டிசம்பரில் பிரிக்கும்போது அதே எண்ணிக்கையில் இருந்தது. ஆனால் அதை வைத்து வாங்க முடிந்த உரம் குறைந்துவிட்டது. அவர்கள் செய்த தப்பு எதுவுமில்லை. எங்கோ தலைநகரில் எடுத்த முடிவு மூன்று பூட்டையும் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

கானா, மலாவி, உகாண்டா மூன்று நாடுகளிலும் இந்தச் சேமிப்புச் சங்கங்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து 2017-ல் வெளியானது. சிறுதொழில் வளர்ந்தது, வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு மதிப்புக் கூடியது. ஆனால் குடும்பத்தின் சராசரி நுகர்வு உயர்ந்ததாகத் தெரியவில்லை. என் கண்ணுக்குப் பட்டதும் அதுதான். வறுமையைப் பெட்டி ஒழிக்கவில்லை. வறுமைக்குள் யார் முடிவெடுப்பது என்பதை மாற்றுகிறது.

சில சங்கங்கள் இந்த வருஷம் வேறு வழி பார்க்கின்றன. பணமாக வைக்காமல் அறுவடை நேரத்தில் நிலக்கடலையாக வாங்கி மூட்டை கட்டி வைத்துவிடுவது. வண்டு விழாமல் காப்பாற்றினால் குவாச்சாவைவிட நிலக்கடலை நம்பகமானது.

ஏப்ரல் 6

"மலாவியில் தாய்வழிச் சமூகம்தானே, நிலமே பெண்ணுக்குத்தானே, அங்கே இதற்கெல்லாம் போராட்டம் எதற்கு?" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி, அக்கா. நான் வந்த புதிதில் எனக்கும் இதே வியப்பு. செவா, யாவோ, லோம்வே, மங்காஞ்சா ஆகியோரிடம் தாய்வழிதான். நிலம் தாயிடமிருந்து மகளுக்கு. கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டு ஊருக்கு வந்து குடியிருப்பார், சிகம்வினி என்பார்கள். மணமுறிவு என்றால் மாப்பிள்ளைதான் மூட்டை கட்ட வேண்டும். பெண் ஊர்த்தலைவிகளும் உண்டு, அபூர்வமில்லை.

ஆனால் நிலம் யார் வழி வருகிறது என்பது ஒன்று, அதைப் பற்றி யார் பேசுகிறார் என்பது வேறு. குடும்பத்தின் சார்பில் பேசுபவர் தாய்மாமன், அல்லது மூத்த சகோதரன். தங்கைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அவர்தான் பொறுப்பு. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் தாய்மாமனுக்கு இருக்கிற மரியாதையை நினைத்துக்கொண்டேன். இங்கே அந்த மரியாதையோடு அதிகாரமும் சேர்ந்து இருக்கிறது. கணவன் சொல்லைத் தட்டுகிற பெண்கூட மாமன் சொல்லைத் தட்ட யோசிப்பாள்.

2016-ல் வந்த மரபுவழி நிலச் சட்டம் இதில் ஒரு நல்ல காரியம் செய்தது. நிலக் குழுவுக்கு மக்கள் தேர்ந்தெடுக்கிற 6 பேரில் குறைந்தது 3 பேர் பெண்களாக இருக்க வேண்டும். மாமன் மட்டும் பேசிய இடத்தில் மருமகளும் உட்காரலாம். உட்கார்ந்த பிறகு பேசுவாளா என்பது, மறுபடி, அவள் பெட்டியில் எண் சொல்லிப் பழகினவளா என்பதைப் பொறுத்தது.

ஏப்ரல் 7

மேலே "மருமகள்" என்றது சகோதரி மகளை. மகன் மனைவி என்று ஒருவர் எடுத்துக்கொண்டு தனிச்செய்தி அனுப்பியிருந்தார். மகன் மனைவி தன் தாயின் ஊரில் இருப்பாள், அந்தக் குழுவுக்கு வரவே மாட்டாள்.

மே 4

தெரேசா கச்சிந்தமோட்டோ பற்றிக் கேட்டவர்களுக்கு.

மலாவியின் டெட்சா மாவட்டத்தில் பெரிய தலைவியாக இருந்தவர். அவருக்குக் கீழே நூற்றுக்கணக்கான கிராமங்கள் இருந்தன. பன்னிரண்டு பிள்ளைகளில் கடைசி. சோம்பாவில் ஒரு கல்லூரியில் 27 வருஷம் செயலாளராக வேலை பார்த்தவர். 2003-ல் "நீதான் அடுத்த தலைவி" என்று கூப்பிட்டார்கள், போனார். ஊருக்குப் போனால் பன்னிரண்டு வயதுப் பெண் கையில் குழந்தையோடு நிற்கிறாள். மலாவியில் 2015-16 கணக்கெடுப்புப்படி, பத்துப் பெண்களில் நாலு பேருக்கு மேல் 18 வயதுக்குள் மணமானவர்கள்.

அவர் என்ன செய்தார் என்று கவனியுங்கள். தனக்குக் கீழே இருந்த ஐம்பது துணைத்தலைவர்களைக் கூட்டி, இனிமேல் சிறுமிக் கல்யாணம் கிடையாது, நடந்தவையும் செல்லாது என்று கையெழுத்து வாங்கினார். அப்புறமும் நடத்திவைத்த தலைவர்களைப் பதவியிலிருந்து இறக்கினார். அந்தக் கல்யாணங்களை அவர்களே ரத்து செய்த பிறகுதான் திருப்பி ஏற்றுக்கொண்டார். மிரட்டல் வந்தது, கவலைப்படவில்லை. சில ஆண்டுகளிலேயே ரத்து செய்த கல்யாணங்கள் 800-ஐத் தாண்டின. 2015-ல் திருமண வயதை 18 ஆக்கிச் சட்டம் வந்தது. பெற்றோர் சம்மதித்தால் 15 வயதிலேயே மணமுடிக்கலாம் என்று அரசியல் சட்டத்தில் இருந்த ஓட்டையை 2017-ல்தான் அடைத்தார்கள். அதுவரை அவர் மரபுத் தலைவி என்ற அதிகாரத்தை வைத்தே சமாளித்தார்.

"அப்படியென்றால் மேலிருந்து வந்த உத்தரவுதானே, அடித்தட்டுத் தலைமை எங்கே?" என்கிறார் கேள்வியைத் தொடங்கியவர். கல்யாணத்தை ரத்து செய்வது ஒரு நாள் வேலை. அந்தப் பெண் மறுபடி பள்ளிக்குப் போகிறாளா, கட்டணத்துக்கு என்ன வழி, திரும்ப அதே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களா என்பதைப் பார்த்துக்கொள்வது பள்ளியின் அம்மாக்கள் குழுவும் அக்கம்பக்கத்துப் பெண்களும்தான். ஊருக்கு ஊர் ரகசியமாகக் கண்காணிக்கும் ஆட்களையும் அவர் வைத்திருந்தார். உத்தரவு அவருடையது. காவல் அவர்களுடையது. இரண்டில் ஒன்று இல்லாமல் மற்றது நின்றிருக்காது என்பது என் உறுதியான கருத்து.

மே 19

கச்சிந்தமோட்டோ மாதிரி ஒரு தலைவி எல்லா ஊருக்கும் கிடைக்க மாட்டாரே என்ற கவலைக்கு செனகலில் ஒரு பதில் இருக்கிறது.

மாலிகுண்டா பம்பாரா என்று ஒரு ஊர். தோஸ்தான் என்ற அமைப்பின் வகுப்பில் எழுத்து, உடல்நலம், உரிமை எல்லாம் படித்த பெண்கள், 1997 ஜூலையில் தங்கள் பெண் குழந்தைகளுக்கு இனி பிறப்புறுப்புச் சிதைப்பு செய்வதில்லை என்று ஊரறிய அறிவித்தார்கள். மூச்சு வாங்கவைக்கும் துணிச்சல். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து திட்டு விழுந்தது. அப்போது கெர் சிம்பாரா என்ற பக்கத்து ஊரின் பெரியவர், இமாம் டெம்பா டியவாரா, ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். எங்கள் பிள்ளைகள் இந்த ஒரு ஊருக்குள் மட்டுமா கல்யாணம் செய்கிறார்கள்? கொடுப்பது எடுப்பது எல்லாம் சுற்று ஊர்களோடு. ஒரு ஊர் மட்டும் நிறுத்தினால் அந்த ஊர்ப் பெண்களை யாரும் எடுக்க மாட்டார்கள், பயத்தில் பழையபடி தொடங்கிவிடுவார்கள். அவரே உறவு ஊர்களுக்கெல்லாம் நடந்து போய்ப் பேசினார். 1998 பிப்ரவரியில் டியாபூகூவில் 13 ஊர்கள் சேர்ந்து அறிவித்தன. செனகல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது 1999 ஜனவரியில், அதாவது பெண்களுக்குப் பின்னால்.

வகுப்பை நடத்தியது ஒரு தொண்டு அமைப்பு. ஆனால் சம்பந்தி ஊர்களைச் சேர்த்து முடிவெடுக்க வேண்டும் என்ற அறிவு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. அந்த மண்ணில் பெண் கொடுத்து எடுத்தவருக்குத்தான் தெரியும்.

ஜூன் 9

மரம் நட்ட அம்மாவை யாரும் சொல்லவில்லையே என்று ஒருவர் குறைப்பட்டார். வேண்டுமென்றே தள்ளி வைத்திருந்தேன், வங்காரி மாத்தாய் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிற்காது.

1977 ஜூன் 5, நைரோபியில் ஏழு மரக்கன்றுகளோடு அவருடைய மரம் நடும் இயக்கம் தொடங்கியது. கென்யாவின் கிராமத்துப் பெண்கள் விறகுக்கு அதிக தூரம் போக வேண்டியிருக்கிறது, ஓடை வற்றுகிறது, பிள்ளைகளுக்குச் சத்தில்லை என்று புலம்பியதிலிருந்து பிறந்த யோசனை. கன்று வளர்க்க வனத்துறை ஆட்கள் வந்து பாடம் எடுத்தார்கள். பெண்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. விதை என்றால் எங்களுக்குத் தெரியாதா, காலங்காலமாகச் சோளமும் பயறும் முளைக்கவைக்கிறவர்கள்தானே என்று, உடைந்த பானையிலும் பழைய தகர டப்பாவிலும் தங்கள் வழியில் வளர்க்கத் தொடங்கினார்கள். உயிர் பிடித்த மரத்துக்குத்தான் காசு, ஒரு மரத்துக்கு 4 அமெரிக்க சென்ட் அளவில். நட்டதற்கு இல்லை, பிழைத்ததற்கு. கணக்கெழுதுகிற எனக்கு அந்த ஒரு விதி மேல் தனி மரியாதை. நட்டதற்குக் காசு என்றிருந்தால் கென்யா முழுவதும் காய்ந்த குச்சிதான் நின்றிருக்கும். இதுவரை 5 கோடிக்கு மேல் மரங்கள் என்கிறது அவர்கள் இயக்கம்.

மரத்தில் தொடங்கியது மரத்தோடு நிற்கவில்லை. 1989-ல் ஊஹுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் கட்டவிருந்ததை எதிர்த்தார், அந்தத் திட்டமே நின்றுபோனது. 1992-ல் அரசியல் கைதிகளின் தாய்மார்கள், பலர் கிராமத்துப் பாட்டிகள், அதே பூங்காவின் ஒரு மூலையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். போலீஸ் அடித்தது. வயதான தாய்மார்கள் மேலாடையைக் களைந்து போலீசார் முன் நின்றார்கள். அந்தச் சமூகங்களில் தாய் தன் மகன் வயதுக்காரர்களுக்கு விடுக்கும் சாபம் அது. பிறகு ஒரு பேராலயத்துக்குள் போய் ஒரு வருஷம் கிடந்தார்கள். 1993 தொடக்கத்துக்குள் அநேகமாக எல்லா மகன்களும் வெளியே வந்துவிட்டார்கள்.

2002-ல் தேத்து தொகுதியில் 98 சதம் வாக்கு. 2004-ல் நோபல் அமைதிப் பரிசு. 2011 செப்டம்பரில் அவர் காலமானார். பரிசைப் பேசுகிறவர்கள் அந்தத் தகர டப்பாவைப் பேசுவதில்லை என்பது என் மனக்குறை.

ஜூன் 10

"மேலே ஒரு பெண் வந்தால் கீழே தானாக வரும், ஒதுக்கீடு எதற்கு?" என்று நாடாளுமன்ற எண்ணிக்கையை வைத்து வாதாடுகிற தம்பிக்குச் சுருக்கமாக. ருவாண்டா 2003 அரசியல் சட்டத்தில் 30 சதம் ஒதுக்கியது, 2008-ல் உலகிலேயே முதல்முறையாகப் பெண்கள் பெரும்பான்மையான நாடாளுமன்றம் அமைந்தது. மலாவியில் ஒதுக்கீடு இல்லை, பிரசாரம் மட்டும். 193 இடங்களில் 2009-ல் 43 பெண்கள், 2014-ல் 32. அந்த 2014 தேர்தல் நடந்தபோது நாட்டின் ஜனாதிபதியே ஜாய்ஸ் பண்டா என்ற பெண்மணி. மேலே ஒரு பெண் இருந்தால் கீழே தானாக வரும் என்பது நடக்கவில்லை. அதனால் ஒதுக்கீடு வேண்டும் என்று சொல்பவர்கள் பக்கம்தான் நான். நான் பெட்டி பெட்டி என்று சொல்வதை ஒதுக்கீட்டுக்கு எதிராக யாரும் திருப்ப வேண்டாம்.

ஆகஸ்ட் 18

ரொம்ப நாளாயிற்று. துவரை வரத்து நேரம், மூச்சுவிட முடியவில்லை. வறட்சியில் மக்காச்சோளம் கருகிய வயல்களில்கூடத் துவரை கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்கிறது, வேர் ஆழம். இந்த ஒரு விஷயம் நீளமாக எழுத வேண்டியது.

தராசு. சைக்கிளில் வருகிற வியாபாரிகள் தொங்கு தராசு கொண்டுவருவார்கள். சிராட்சுலு பக்கம் ஒரு ஊரில் போன பருவம் நான் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒரு நடுத்தர வயது அம்மா, பெட்டிச் சங்கத்தில் சாவி வைத்திருப்பவர், தன் மூட்டையைத் தூக்குவதற்கு முன்னால் கடைக்கு ஒரு பையனை அனுப்பி ஐந்து சர்க்கரைப் பொட்டலம் வாங்கிவரச் சொன்னார். ஒவ்வொன்றும் ஒரு கிலோ, கம்பெனி முத்திரையோடு. ஐந்தையும் கொக்கியில் மாட்டினார். முள் நாலைத் தாண்டவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் முள்ளைப் பார்த்தார்கள், பிறகு வியாபாரியைப் பார்த்தார்கள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தச் சங்கம் வட்டிப் பணத்தில் சொந்தத் தராசு வாங்கியது. இப்போது அந்த ஊரில் யார் விற்றாலும், ஆண்களும்தான், முதலில் சங்கத் தராசில் போட்டுவிட்டுத்தான் வியாபாரியிடம் போகிறார்கள். இந்த வருஷம் கிராம வளர்ச்சிக் குழுவுக்கு அந்த அம்மாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பிரசாரமெல்லாம் ஒன்றும் இல்லை.

இனி மனதை அறுக்கிற பகுதி. துவரை விலை குறைவாக இருக்கும்வரை அது பெண்கள் பயிர். வீட்டுக்குச் சமைத்ததுபோக மிச்சத்தை விற்று உப்பு, சோப்பு, நோட்டுப்புத்தகம் வாங்கிக்கொள்வார்கள், கணவன் கேட்க மாட்டான். விலை ஏறினால் அது குடும்பப் பயிர் ஆகிவிடும், விற்பது ஆணின் வேலை ஆகிவிடும். எங்கள் கொள்முதல் சீட்டுகளில் இதை நான் கண்ணால் பார்க்கிறேன். மூட்டையைத் தலையில் சுமந்து வருபவள் மனைவி. சீட்டில் பெயர் கணவன். இப்போது ஏர்டெல் மணி, ம்பாம்பா என்று தொலைபேசியில் பணம் போகிறது, தொலைபேசி கணவனுடையது. பணத்தை அவள் பார்ப்பதே இல்லை. சீட்டு எழுதும்போது "யார் பெயரில், எந்த எண்ணுக்கு" என்று மூட்டை கொண்டுவந்தவரிடமே கேட்க வேண்டும் என்று எங்கள் இடத்தில் பழக்கப்படுத்தியிருக்கிறேன். சில பெண்கள் சங்கத்துப் பொதுத் தொலைபேசியின் எண்ணைச் சொல்கிறார்கள். அதில் வந்து, அடுத்த கூட்டத்தில் பெட்டிக்குப் போகிறது.

இந்தியாவின் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். 2017 ஆகஸ்டில் துவரை இறக்குமதியை ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று இந்தியா கட்டுப்படுத்தியது. நம் விவசாயிகளுக்கு விலை விழுந்திருந்த நேரம், காரணம் புரிகிறது. ஆனால் சரியாக இங்கே அறுவடை நேரம். அந்த வருஷத்தைப் பற்றி இங்கே பெண்கள் இன்னும் பேசுகிறார்கள். நல்ல விலை என்று நம்பி அதிகம் விதைத்தவர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். 2021-ல் மலாவியோடு ஆண்டுக்கு 50,000 டன் என்று ஐந்தாண்டு ஒப்பந்தம் வந்த பிறகு கொஞ்சம் நிம்மதி. நம் வீட்டுச் சாம்பாருக்கும் பலோம்பேயில் ஒரு பெண் பெட்டியில் எத்தனை முத்திரை குத்துகிறாள் என்பதற்கும் இப்படி ஒரு நேர்த்தொடர்பு இருக்கிறது.

ஆகஸ்ட் 21

"படிப்பறிவில்லாத பெண்கள் திரண்டு எதிர்த்ததெல்லாம் இந்தக் காலத்துச் சங்கதி" என்று எழுதியவர் 1929-ஐப் படிக்க வேண்டும். தென்கிழக்கு நைஜீரியா, ஒலோகோ. ஆங்கிலேயர் நியமித்த தலைவரின் ஆள், ந்வான்யெருவா என்ற பெண்ணிடம் ஆடு, ஆள் எல்லாவற்றையும் எண்ணிச் சொல்லச் சொன்னான். பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. உன் தாயை எண்ணினார்களா என்று திருப்பிக் கேட்டாள். செய்தி பனையோலை வழியே ஊர் ஊராகப் போனது. ஆயிரக்கணக்கில் பெண்கள் திரண்டு அந்தத் தலைவர்களின் வீடுகளை முற்றுகையிட்டுப் பாடினார்கள். ஆணவம் பிடித்த ஆணை வழிக்குக் கொண்டுவர இக்போ பெண்கள் வைத்திருந்த பழைய முறை அது. ராணுவம் சுட்டதில் 50-க்கு மேல் பெண்கள் இறந்தார்கள். பெண்களுக்கு வரி வரவில்லை. நியமனத் தலைவர் முறையையும் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியதாயிற்று. அப்போது எந்தத் தொண்டு நிறுவனமும் அங்கே இல்லை.

செப்டம்பர் 7

டான்சானியாவில் ஒரு வேளாண் திட்டத்தில் வேலைக்குச் சேரப் போகிற தங்கை, கிராமத்தில் பெண்களின் நிலையை எப்படி எடைபோடுவது என்று கேட்டிருக்கிறார். அறிக்கைகளை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் இதைச் செய்யுங்கள்.

1999 கிராம நிலச் சட்டப்படி கிராம நிலச் சபையில் 7 பேர், அதில் 3 பேர் பெண்கள். பெயர்ப்பட்டியல் எப்போதும் சரியாக இருக்கும். கூட்டக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, அந்தப் பெண்கள் கடைசியாக எப்போது கையெழுத்துப் போட்டார்கள் என்று பாருங்கள். கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். தண்ணீர் எடுக்கும் நேரத்தில் கூட்டம் வைத்தால் அவர்கள் வர முடியாது, நேரத்தை மாற்றச் சொல்வதற்கு ஒரு செலவும் இல்லை. சேமிப்புச் சங்கம் இருந்தால் கூட்டத்துக்குப் போய்ப் பின்னால் உட்காருங்கள், பேசாதீர்கள், பரிசாகப் பணம் எதுவும் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அறுவடை நேரத்தில் எடை போடும் இடத்துக்குப் போங்கள், ரசீதில் யார் பெயர் என்று பாருங்கள். கையோடு ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் நாலைந்து எடுத்துப்போனால் நல்லது.